பதறாதீங்க, சிமுலாதான்!

சென்னையில் சாஃப்ட்வேர் இன்டர்வியூவுக்குப் போய் வந்த எவரையாவது நடுராத்திரி எழுப்பி, "க்ளாஸுக்கும் ஆப்ஜெக்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே பதில் வரும்: "க்ளாஸ்ங்கிறது ப்ளூபிரிண்ட் சார், ஆப்ஜெக்ட்ங்கிறது அதை வச்சுக் கட்டின வீடு." கேட்டவருக்கும் அதற்கு மேல் தெரியாது என்பதால் வேலை கிடைத்துவிடும்.

நிஜமான கேள்விகள் வேலையில் சேர்ந்த பிறகுதான் ஆரம்பம். ஜாவாவில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்ட்ரிங்கை == போட்டு ஒப்பிட்டால் ஒரு சமயம் 'ஆமாம்' என்கிறது, இன்னொரு சமயம் 'இல்லை' என்கிறது, ஏன்? நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் ஏன் வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து வருகிறது? விர்ச்சுவல் போடணுமா, வேண்டாமா? கார்பேஜ் கலெக்டர் ஏன் கிளையன்ட் டெமோ நடக்கும்போது மட்டும் பெருக்க வருகிறது? முன்பு பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டார்கள். இப்போது ஏ.ஐ.யைக் கேட்கிறார்கள். பதில் சொல்பவரின் தோரணை மட்டும் மாறவே இல்லை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இத்தனை தலைவலிக்கும் பிள்ளையார் சுழி போட்டது யார்? கலிஃபோர்னியா, ஒரு கார் ஷெட், டி-ஷர்ட் போட்ட ஒரு பையன் என்று கற்பனை செய்திருந்தால், ஸாரி. ஊர் ஓஸ்லோ. ஆட்கள் இரண்டு பேர், இருவரும் முன்னாள் ராணுவ ஆராய்ச்சி ஊழியர்கள். அவர்களுக்கு இருந்த பெரிய கவலை க்யூ.

ஓஸ்லோ என்றால் நமக்கு நோபல் அமைதிப் பரிசு. இலங்கைப் பிரச்சினைக்கு எரிக் சொல்ஹெய்மை அனுப்பி வைத்த நாட்டின் தலைநகரம். யார் எங்கே அடித்துக்கொண்டாலும் "கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமே" என்று நாற்காலி எடுத்துப் போடுகிறவர்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், 1967 வசந்த காலத்தில், நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டரில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் டெலிபோன் ஆபரேட்டரிடம் அரண்டுபோய் வந்து நின்றார். மாடி வராந்தாவில், கரும்பலகைக்கு முன்னால், இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள், என்ன செய்வது?

ஆபரேட்டர் அம்மா அறையை விட்டு வெளியே வந்தார். சில விநாடி காதைத் தீட்டிக் கேட்டார். பதறாதீங்க, டாலும் நிகார்டும் சிமுலா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். நீங்கள் தினமும் அடிக்கிற 'க்ளாஸ்' என்ற வார்த்தை அந்த வராந்தாவில்தான் வளர்ந்தது. போலீஸுக்குப் போன் போகாமல் தப்பிய சண்டைகளில் இவ்வளவு வேலைவாய்ப்பைக் கொடுத்தது வேறு எதுவும் இருக்காது.

கிறிஸ்டன் நிகார்ட் 1926-ல் ஓஸ்லோவில் பிறந்தவர். 1948-ல் ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போட்டார். கையாண்டது மான்டி கார்லோ முறை. அதாவது, சமன்பாடு போட்டுத் தீர்க்க முடியாத இடத்தில் பகடை உருட்டிப் பார்ப்பது. உருட்டுவதற்குச் சூதாட்டக்கூட நகரத்தின் பெயரையே வைத்துவிட்டதால் கௌரவமாக இருக்கும். அணு உலைக்குப் பகடையா என்று நீங்கள் திகைக்கலாம். நார்வே இன்னும் வரைபடத்தில் இருக்கிறது. கணக்கு சரியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

ஓலே-யோஹான் டால், 1931-ல் தெற்குக் கடலோரத்து மண்டால் ஊரில் பிறந்தவர். 1952-ல் அதே நிறுவனத்துக்கு வந்து, மெஷினுக்கு எந்த பாஷையில் பேசினால் புரியும் என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். சங்கோஜி. பியானோ வாசிப்பவர். நிகார்டுக்கோ நான்கு பேர் கூடினால் மேடை, ஐந்து பேர் கூடினால் இயக்கம். இந்த டால்தான் கரும்பலகைக்கு முன்னால் வந்தால் தெருவே கேட்கும்படி கத்துவார் என்றால், சங்கோஜிகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

நிகார்டுக்கு உலகமே க்யூவாகத் தெரிந்தது. பேங்கில் எத்தனை கவுன்ட்டர் திறந்தால் கூட்டம் கலையும்? துறைமுகத்தில் எத்தனை கிரேன் நின்றால் கப்பல் காத்திருக்காது? இதையெல்லாம் நிஜத்தில் செய்து பார்த்தால் பணம் போகும். கம்ப்யூட்டருக்குள் பொய்யாக நடத்திப் பார்த்தால் மானம் மட்டும்தான் போகும். இதற்குப் பெயர் சிமுலேஷன். அவர் நம் ஊரில் பிறக்காதது அதிர்ஷ்டம். பஸ் ஸ்டாண்டில் முதலில் க்யூவைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஆயுள் போதாது.

1960-ல் அவர் நார்வேஜியன் கம்ப்யூட்டிங் சென்டருக்கு மாறினார். 1962 ஜனவரி 5-ம் தேதி, பிரான்ஸில் சார்ல்ஸ் சால்ஸ்மான் என்ற நிபுணருக்கு ஒரு கடிதம் போட்டார். சிமுலா பற்றி எழுத்தில் இருக்கும் முதல் தடயம் அதுதான். க்யூக்களை விவரிக்க ஒரு மொழி பற்றிக் கரடுமுரடாகச் சில யோசனைகள் இருப்பதாகச் சொல்கிறார். அன்றைய நிலவரம் என்ன தெரியுமா? மொழி இன்னும் பிறக்கவில்லை. அதை ஓட்ட மெஷின் வரவில்லை. கம்பைலர் எழுத வேண்டிய டால் அந்த ஆபீஸிலேயே இல்லை. இன்று பெங்களூரில் இதை வைத்து முதல் ரவுண்டு ஃபண்டிங் வாங்கியிருக்கலாம்.

சுற்றியிருந்த பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? ஆட்சேபங்கள் வரிசை கட்டி வந்தன. முதலாவது: இப்படி ஒரு மொழியால் யாருக்கும் உபயோகம் இருக்காது. இரண்டாவது: உபயோகம் இருக்கும், ஆனால் வேறு யாராவது ஏற்கெனவே செய்து முடித்திருப்பார்கள். மூன்றாவது: உங்கள் யோசனையும் சுமார், உங்கள் திறமையும் சுமார், எனவே இது முடியவே முடியாது. நான்காவது: இதெல்லாம் பெரிய நாடுகள் செய்ய வேண்டிய வேலை, நார்வே மாதிரி சின்ன நாட்டுக்கு எதற்கு?

நிதானமாக யோசித்துப் பாருங்கள். யாருக்கும் வேண்டாத ஒன்றை வேறு யாரோ ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள். அப்படியும் அது செய்ய முடியாத வேலை. செய்வதாக இருந்தால் அமெரிக்கா செய்யட்டும்! இந்த நான்கு வாக்கியத்தையும் ஒரே மீட்டிங்கில் ஒரே மனிதர் சொல்லக் கேட்டவர்கள் நம் ஆபீஸ்களில் ஏராளம். அவருக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயர்.

சென்டருக்கு அப்போது ஒரு டேனிஷ் கம்ப்யூட்டரை வாங்குவதாக ஏற்பாடு. டென்மார்க் நானூறு வருஷத்துக்கு மேல் நார்வேயைக் கையில் வைத்திருந்த நாடு. மெஷினும் அங்கிருந்தேவா என்று யாராவது முணுமுணுத்தார்களோ என்னவோ. இந்த நேரத்தில், 1962 மே மாதம், அமெரிக்க யூனிவாக் கம்பெனி தன் மெஷின்களைக் காட்ட நிகார்டை அழைத்தது. விமான டிக்கெட், கவனிப்பு, சிரித்த முகம். வாங்கப் போகிறவருக்கு நடக்கும் வழக்கமான மரியாதை. போன மனிதர் போன இடத்தில் விற்றுவிட்டு வந்தார்.

விற்றது எதை? இன்னும் எழுதாத மொழியை. சிமுலா கம்பைலரை நாங்கள் எழுதித் தருகிறோம், 1107 மெஷினை எங்களுக்குப் பாதி விலைக்குக் கொடுங்கள் என்று பேரம் படிந்தது. ஐம்பது சதவீதத் தள்ளுபடி! ரங்கநாதன் தெருவில் பழுத்த அனுபவம் உள்ளவர்கள்கூட இருபதைத் தாண்டியதும் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்கள். கம்பெனி உள்ளே நிகார்டுக்கு ஆதரவாக நின்றவர்களில் ஒருவர் பாப் பீமர். உங்கள் கீபோர்டின் இடது மூலையில் எஸ்கேப் கீ இருக்கிறதே, அதற்கும் காரணம் அவர்தான். ஒரு மனிதர் உலகத்துக்கு ஆப்ஜெக்டையும் அதிலிருந்து தப்பிக்கும் வழியையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

மெஷின் 1963 ஆகஸ்டில் ஓஸ்லோ வந்து இறங்கியது. அதே வருஷம் டாலும் சென்டருக்கு வந்துவிட்டார். இனி வாக்குக் கொடுத்ததைச் செய்து காட்ட வேண்டும். அங்கேதான் முதல் இடி.

கொஞ்சம் டெக்னிக்கல், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று ஐரோப்பாவின் செல்லப்பிள்ளை ஆல்கால் 60 என்ற மொழி. நம்மவர்களும் அதன் மேலேயே சிமுலாவைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஆல்காலுக்கு மெமரி என்பது கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி. கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். நடுவிலிருந்து உருவினால் அடுக்கே சரியும். இதற்குத்தான் ஸ்டாக் என்று பெயர். ஆனால் பேங்க் க்யூவில் நிற்கிறவர் அப்படியா? கடைசியாக வந்தவர் முதலில் போனால் அடிதடி நடக்கும். ஒருவர் பாதியில் பாஸ்புக் எடுத்து வர வீட்டுக்குப் போவார். அரை மணி கழித்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆயுள், தனித்தனி ஞாபகம்.

டால் ஸ்டாக்கைத் தூக்கிப் போட்டார். அமெரிக்காவின் கேஸ் இன்ஸ்டிட்யூட் எழுதியிருந்த ஆல்கால் கம்பைலரை எடுத்துக்கொண்டு, மெமரி ஒதுக்கும் பகுதியைத் தானே புதிதாக எழுதினார். 1965 பிறக்கும் சமயத்தில் சிமுலா ஓடத் தொடங்கிவிட்டது. அதில் ஓடிய ஒவ்வொரு 'ப்ராசஸ்'ஸும் தன் தகவலையும் தன் வேலையையும் தானே மடியில் கட்டிக்கொண்டு திரிந்தது. மறுபடி படியுங்கள்: தகவலும் வேலையும் ஒரே மூட்டையில். ஆப்ஜெக்ட் என்று இன்டர்வியூவில் ஒப்பிக்கிறோமே, அதுதான். உலகத்தை மாற்றும் தத்துவம் எதுவும் அங்கே பேசப்பட்டதாகத் தெரியவில்லை. க்யூவில் நிற்பவருக்கு உட்கார இடம் பார்த்தார்கள்.

இதற்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. பாதியில் நிறுத்தி, வேறு வேலை பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வது. சிமுலாவில் 'டிட்டாச்' என்றால் இடைவேளை, 'ரெஸ்யூம்' என்றால் படம் தொடரும், 'ஹோல்ட்' என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அவ்வளவு நேரம் அப்படியே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் அசிங்க்-அவெய்ட் வந்தபோது ஏதோ செவ்வாய்க் கிரகத்திலிருந்து இறங்கிய மாதிரி கான்ஃபரன்ஸ் போட்டுக் கொண்டாடினோமே! ஓஸ்லோவில் அது எப்போதோ ரிட்டையர் ஆகி பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தது.

இனி இன்ஹெரிடன்ஸ். பாடப்புத்தகத்தில் 'அனிமல்' என்று ஒரு க்ளாஸ் இருக்கும், அதிலிருந்து 'டாக்' வரும், அது குரைக்கும். உலகில் எந்தக் கம்பெனியும் நாய் குரைப்பதற்கு சாஃப்ட்வேர் கேட்டதில்லை. நிஜத்தில் இந்த யோசனை பிறந்தது டோல்கேட்டில்.

1966-67 குளிர்காலம். இருவரும் கரும்பலகையில் ஒரு பாலத்தை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலத்தில் சுங்கச்சாவடி, அதன் முன்னால் வண்டிகளின் க்யூ, சில லாரி, சில பஸ். எல்லா வண்டிக்கும் க்யூவில் நிற்கத் தெரிய வேண்டும். முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிய வேண்டும். ஆனால் லாரிக்குச் சுமை உண்டு, பஸ்ஸுக்குப் பயணிகள் உண்டு. க்யூவில் நிற்கும் வித்தையை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக எழுதுவதா? அதைப் பொதுவாக ஒரு தடவை எழுதி, அதன் பெயரை லாரிக்கும் பஸ்ஸுக்கும் இனிஷியல் மாதிரி முன்னால் போட்டால் என்ன? போட்டார்கள். சப்-க்ளாஸ் பிறந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் பரனூர் டோல்கேட்டில் நின்று ஹாரன் அடித்தவர்கள் இனிமேல் கொஞ்சம் பெருமையோடு அடிக்கலாம். நீங்கள் நின்றது போக்குவரத்து நெரிசலில் அல்ல, இன்ஹெரிடன்ஸின் மூலக்கதையில்.

இந்தக் கதையில் நம் பக்கத்துப் பிள்ளை ஒருவரும் வருகிறார். டோனி ஹோர். இங்கிலாந்துக்காரர், பிறந்தது கொழும்பு. 1966-ல் பிரான்ஸின் வில்லார்-டி-லான்ஸில் நடந்த கோடைப் பள்ளியில் அவர் 'ரெகார்ட்' கையாள்வது பற்றிப் பாடம் நடத்தினார். டாலுக்கும் நிகார்டுக்கும் க்ளாஸ் என்ற யோசனைக்கு அதிலிருந்து நல்ல தீனி கிடைத்தது. ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் ஜலதோஷமும் ஒட்டிக்கொண்டு வருமல்லவா? ஹோர் 1965-ல் 'ஒன்றுமில்லை' என்பதைச் சுட்டும் ஒரு ரெஃபரன்ஸைக் கண்டுபிடித்திருந்தார். சிமுலாவில் அது 'நன்' என்று உட்கார்ந்தது. ஜாவாவில் 'நல்' ஆயிற்று. உங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாசமானது அந்த வழியில்தான்.

2009-ல், எழுபத்தைந்து வயதில், ஹோர் லண்டன் மேடை ஒன்றில் ஏறி, இது நான் செய்த நூறு கோடி டாலர் தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். பெரிய மனிதர். நாம் ப்ரொடக்‌ஷனை உடைத்துவிட்டு "என் மெஷின்ல ஓடுதே" என்கிற சாதி. அவர் உலகத்தின் அத்தனை ப்ரொடக்‌ஷனையும் உடைத்துவிட்டு நாற்பத்து நான்கு வருஷம் கழித்தாவது ஒப்புக்கொண்டார்.

அந்த == சமாசாரத்துக்கு வருவோம். சிமுலாவில் இதற்குச் சண்டையே இல்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கிறதா என்று கேட்க == என்று ஒரு குறி. இரண்டு டெக்ஸ்டின் உள்ளே இருக்கும் எழுத்துக்கள் ஒன்றுதானா என்று கேட்க = என்று வேறு குறி. மதிப்பைக் கொடுக்க :=, ஆளைச் சுட்டிக்காட்ட :- என்று அதிலும் இரண்டு. ஒரே பெயருள்ள இரண்டு முருகேசனும், ஒரே முருகேசனின் இரண்டு போன் நம்பரும் வேறு வேறு என்பது ஓஸ்லோவுக்கு 1967-லேயே புரிந்திருந்தது.

பிறகு வந்தவர்களுக்கு இத்தனை குறி அடிக்க விரல் வலித்தது. சி மொழி = என்பதை மதிப்பு கொடுக்க எடுத்துக்கொண்டது; ஒப்பிட == ஆயிற்று. ஜாவா அந்த உடையை வாங்கி ஓஸ்லோவின் ஆன்மாவுக்கு மாட்டியது. உள்ளடக்கத்தை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' என்று ஒரு முழு வார்த்தை அடிக்க வேண்டிவந்தது. சேமித்தது ஓரெழுத்து, கட்டுகிற வட்டி ஆறெழுத்து.

எல்லாவற்றிலும் இவர்கள் தீர்க்கதரிசிகள் என்று கோயில் கட்டிவிடாதீர்கள். க்ளாஸும் சப்-க்ளாஸுமாக வந்த புது சிமுலாவுக்கு சிமுலா 67 என்று பெயர். அதில் முதலில் 'ப்ரைவேட்' என்பதே கிடையாது. எந்த ஆப்ஜெக்டின் அந்தரங்கத்தையும் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம், கை வைக்கலாம். ஒளித்து வைக்கும் வசதியைப் பின்னால் எழுபதுகளில்தான் சேர்த்தார்கள். நார்வேயைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே யார் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு வரி கட்டினார் என்பது பொதுத் தகவல். பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தை யாரும் தேடிப் பார்க்கலாம். ஒரே ஒரு திருத்தம்: 2014 முதல், தேடியவர் யார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரிந்துவிடும். தேடல் மளமளவென்று குறைந்தது. அக்ஸஸ் லாக் வைத்தால் வம்பு குறையும் என்பதை நாடே நிரூபித்திருக்கிறது.

1967 மே மாதம் ஓஸ்லோவின் லீஸெபூவில் நடந்த மாநாட்டில் க்ளாஸ், சப்-க்ளாஸ் எல்லாம் அரங்கேறின. ஜூனில் கம்பைலர் எழுத வேண்டியவர்களைக் கூட்டி வைத்து, மொழியின் அடிப்படையை முடிவு செய்ய உட்கார்ந்தார்கள். விர்ச்சுவல் உள்ளே வந்தது. நம் ஆட்களுக்கு அதற்குள் இன்னும் அழகான ஒரு யோசனை உதித்துவிட்டது. டைப்பையும் க்ளாஸையும் ஒன்றாக்கிவிடலாம் என்று கிளம்பினார்கள். கம்பைலர்காரர்கள் ஒரே குரலில் கும்பிட்டு மறுத்தார்கள். ரிலீஸுக்கு முந்தின வாரம் "ஒரு சின்ன சேஞ்ச்" என்று வரும் ப்ராடக்ட் மேனேஜரை விரட்டும் வீர மரபு அன்றே தொடங்கியிருக்கிறது.

சரி, செய்து முடித்தாயிற்று. உலகம் கொண்டாடியதா? கம்பைலரைக் காசுக்கு விற்றார்கள். உலகம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. கொஞ்சம் பேர் கையில்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் கொஞ்சம் பேரும் சாதாரணப்பட்டவர்கள் அல்ல, விசித்திரப் பேர்வழிகள்.

ஒருவர் ஆலன் கே. 1966-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் புது மாணவராகப் போகிறார். மேஜை மேல் டேப் குவியல், கூடவே ஒரு சீட்டு: இது யூனிவாக் 1108-க்கான ஆல்கால், வேலை செய்யவில்லை, சரி செய்யவும். கையேட்டைப் பிரித்தால் நார்வேஜிய மொழியை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்ட மாதிரி இருக்கிறது. உண்மையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். கேயும் இன்னொரு மாணவரும் ப்ரோக்ராம் லிஸ்டிங்கை வராந்தாவில் எண்பது அடிக்கு உருட்டி விரித்து, அதன் மேல் தவழ்ந்து தவழ்ந்து படித்தார்கள். ஆளுக்கொரு மூலையிலிருந்து "இங்கே பாரு!" என்று கத்திக்கொண்டே. ஆல்கால் அல்ல, அது முதல் சிமுலா என்று தெரிந்தது. எழுதியவர்களும் வராந்தாவில் கத்தினார்கள், படித்தவர்களும் வராந்தாவில் கத்தினார்கள். வராந்தா இல்லாத ஓப்பன் ஆபீஸில் ஏன் புதிதாக எதுவும் பிறப்பதில்லை என்று இப்போது விளங்குகிறதா?

கே பிற்பாடு ஸ்மால்டாக் செய்தார். 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' என்ற பெயரையும் வைத்தார். அந்தப் பெயரை வைத்தபோது என் மனதில் சி++ இல்லவே இல்லை என்று பின்னாளில் ஒரு குட்டும் வைத்தார்.

அந்தக் குட்டு வாங்கியவர் அடுத்தவர். பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், டென்மார்க்காரர். கேம்பிரிட்ஜில் பி.எச்டி.க்காக சிமுலாவில் ஒரு பெரிய ப்ரோக்ராம் எழுதினார். எழுதும்போது சொர்க்கம். மனதில் நினைத்தது அப்படியே கோடில் வந்து உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்தார். யூனிவர்சிடி மெயின்ஃப்ரேம் மூச்சு வாங்கியது. நேரத்தில் எண்பது சதவீதத்தை கார்பேஜ் கலெக்டர் சாப்பிட்டது. இதில் வேடிக்கை, அவர் ப்ரோக்ராம் குப்பையே போடவில்லை! போடாத குப்பையைத் தேடித் தேடிப் பெருக்கியிருக்கிறது. மனிதர் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பி.சி.பி.எல். என்ற பரதேசி மொழியில் மறுபடி எழுதிப் பட்டம் வாங்கினார்.

1979-ல் பெல் லேப்ஸ் போனதும் முதல் வேலையாக, சிமுலாவின் க்ளாஸைத் தூக்கி சி மொழிக்குள் வைத்தார். கார்பேஜ் கலெக்டரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அதுவே சி++ ஆயிற்று. புரோகிராமர்கள் தங்கள் குப்பையைத் தாங்களே கொட்ட வேண்டும் என்ற சட்டம் பதினைந்து வருஷம் நடந்தது, தெருவெல்லாம் நாறியது. 1995-ல் ஜாவா வந்து கார்பேஜ் கலெக்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்தது. பின்னால் சி-ஷார்ப்பைச் செய்த ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்கும் டென்மார்க்காரர்தான். பாதி விலை பேரத்தில் நார்வே தவிர்த்த டேனிஷ் மெஷினுக்கு, டென்மார்க் இப்படிப் பழி தீர்த்துக்கொண்டது.

ஓஸ்லோவுக்குத் திரும்புவோம். அங்கே நிகார்டுக்கு க்யூ அலுத்துவிட்டது. தான் செய்த கருவிகளை வைத்து முதலாளிகள் தொழிலாளியின் வேலையை அளக்கப்போகிறார்கள் என்று அவருக்கு உறைத்தது. நேராக நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்துக்குப் போய் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் வந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று பாடம் எடுத்தார். 1975-ல் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இடையில் ஏற்பட்ட கம்ப்யூட்டர் ஒப்பந்தத்துக்கு அந்த வேலைதான் வழி போட்டது. மேனேஜ்மென்டுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துவிட்டு, அதை எதிர்த்து எப்படிக் கொடி பிடிப்பது என்று யூனியனுக்கும் சொல்லிக் கொடுத்த கன்சல்டன்ட் அவருக்குப் பின் பிறக்கவில்லை.

அதோடு விட்டாரா? தொண்ணூறுகளில் நார்வே ஐரோப்பிய யூனியனில் சேரலாமா என்று கேள்வி வந்தபோது, 'வேண்டாம்' இயக்கத்துக்குத் தலைவர் இவரே. 1994 நவம்பர் 28-ம் தேதி வாக்கெடுப்பில் 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். உலகத்துக்கே இன்ஹெரிடன்ஸ் கற்றுக்கொடுத்தவர், தன் நாடு யாருக்கும் சப்-க்ளாஸாக இருக்கக்கூடாது என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்து ஜெயித்திருக்கிறார்!

டால் 1968-லேயே ஓஸ்லோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்விட்டார். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா, நம் ஹோர் இருவரோடும் சேர்ந்து 1972-ல் ஒரு புத்தகம் போட்டார். மற்ற நேரங்களில் பாடம், பியானோ. நிகார்ட் தெருவில் மைக் பிடித்த வருஷங்களில் டால் ப்ரோக்ராம் சரிதான் என்று கணிதத்தில் நிரூபிப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தார். டெஸ்ட் கேஸ் எழுதச் சொன்னாலே முகம் சுளிக்கிற தலைமுறைக்கு இவர் முன்னோர்.

கௌரவங்கள் ஆற அமர வந்தன. 2000-ல் அரசரின் புனித ஓலாவ் விருது. 2001-க்கான டூரிங் விருது இருவருக்கும் சேர்த்து. கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்பார்கள். முப்பத்து நான்கு வருஷத்துக்குப் பிறகு வந்த அப்ரெய்சல். 2002 ஜூன் 29-ல் டால் போனார், சரியாக ஆறு வாரத்தில், ஆகஸ்ட் 10-ல், நிகார்டும் போய்விட்டார்.

ஓஸ்லோவின் கௌஸ்டாட் பக்கம் போனால் இருவரையும் பார்க்கலாம், கட்டடங்களாக. கௌஸ்டாட் ஆலே 23ஏ, கிறிஸ்டன் நிகார்ட் இல்லம். அந்தப் பழைய கம்ப்யூட்டிங் சென்டர் இப்போது இருப்பது அங்கேதான். 23பி, ஓலே-யோஹான் டால் இல்லம், பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறை. டால் இல்லத்தின் அறைகளுக்கு மொழிகளின் பெயர். சிமுலா, ஸ்மால்டாக், ஜாவா, பைதான், ப்ரோலாக், பெர்ல் என்று ஆளுக்கொரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். இதில் பாதிப் பேர் சிமுலாவின் சரக்கை எடுத்துத்தான் கடை போட்டவர்கள். வாடகை யாரும் கட்டியதாகத் தெரியவில்லை.